போட்டவர் வீடு

செம்மேட்டுப்புதூரில் பைகள் நடக்க ஆரம்பித்தது ஆடி பிறந்த வாரத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று ஊர்க்காரர்களின் துண்டுகளையும் முருங்கைக் கிளைகளையும் யாருடையதோ ஒரு தகரக் கதவையும் கிழக்கே கிழக்கே என்று தள்ளிக்கொண்டு போன ஒரு மத்தியானம், மாவு மில் பரிமளா வாசலில் ஆணியடித்து மாட்டியிருந்த புதுப் பை ஒன்று தானாக ஆணியைவிட்டு இறங்கி, காற்றுக்கு எதிர்த்தாற்போல் மேற்கே பார்த்து நடந்தது. நடந்தது என்றால் கால் முளைத்து நடக்கவில்லை. அடிப்பக்கம் ஒரு சாண் முன்னே நகரும், வாய்ப்பக்கம் குனிந்து அதைத் தொடரும், கொஞ்சம் மூச்சு வாங்கும், மறுபடி நகரும். பரிமளா கல்லாவில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தாள், ராகி அரைக்க வந்திருந்த இரண்டு பெண்களும் பார்த்தார்கள். "காத்துக்குப் போவுதுங்க்கா" என்றாள் ஒருத்தி. "காத்து அக்கட்டயல்ல அடிக்குது" என்றாள் மற்றவள். அதற்குள் அரைத்த மாவைச் சூடு ஆற்றிச் சலிக்க வேண்டியிருந்தது.

பை போய் நின்றது பேக்கரி கனகராஜ் வீட்டு வாசற்படியில். கனகராஜ் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார், பிறகு மனசு கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் மில்லில் கொடுத்துவிட்டு வந்தார், மறுநாள் மத்தியானம் அது மறுபடி வந்து படியில் நின்றது, மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தார், மறுபடி வந்தது. கடைசியில் அவர் மனைவிதான் அதை மடியில் போட்டுப் பின்னலை விரலால் நெருடிப் பார்த்து, "ஏனுங், இது நம்ம பன்னுக் கவருங். ஓடையில நீங்க போடற கவரு" என்றாள். பின்னலுக்குள் சிவப்புக் கோடு ஓடியது, அதன் மேல் பேக்கரிப் பெயரில் பாதி எழுத்து தெரிந்தது. கனகராஜுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தொலைந்த பொருள் கிடைத்தால் சந்தோஷப்படத் தெரிந்த மனிதருக்குத் தொலைத்துக்கட்டிய பொருள் திரும்பி வந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அந்தப் பைகளைப் பின்னியது பரிமளா சேர்த்துவைத்த மகளிர் குழு. குழு என்று பெரிய பெயர் இருந்தாலும் ஒரு பாயில் உட்கார்ந்துவிடக்கூடிய அளவு பெண்கள்தான். ஊர்க்கோடிக் குப்பைக்கிடங்கில் பிரித்தெடுக்கிற வேலை பார்த்த துளசிமணி, சேறும் சாம்பாருமாக வருகிற கவர்களைத் தனியே பொறுக்கி மூட்டை கட்டி மில்லுக்குக் கொண்டுவருவாள். அவற்றைச் சோப்புத் தண்ணீரில் அலசி, கொடியில் துணி மாதிரி காயப்போட்டு, காதையும் அடித்தையலையும் கத்தரித்துவிட்டு, நடு வயிற்றை வளையம் வளையமாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி இழுத்துக்கொண்டே போனால் நீளமாக நாடா வரும். நாடாவை உருண்டையாகச் சுற்றி, கொக்கி ஊசியால் பின்னினால் பை வரும், மிதியடி வரும், ஆட்டுக்குட்டிக்கு மழைச்சட்டைகூட வரும். ஊரில் இதைப் பின்னுவது என்று யாரும் சொல்வதில்லை, கோலம் போடுவதைப் போல 'பை போடறது' என்பார்கள். குப்பையை ஓடையில் போடுவதும் போடுவதுதான், பை போடுவதும் போடுவதுதான் என்றிருந்த ஊரில், 'அது போட்டவங்க ஊட்டுக்குப் போவுதாமா' என்று பேச்சு கிளம்பியபோது, பை காணாமல் போனவர்கள் எல்லோரும் பின்னிய பெண்களின் வீட்டு வாசலில் வந்து நின்று சண்டை பிடித்தார்கள். எந்தப் 'போட்டவர்' என்று விளங்குவதற்குள் இரண்டு மூன்று குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

விளங்கியதும் ஊர் அதை, சொல்லாமல் விருந்துக்கு வந்த ஒறம்பரையை ஏற்றுக்கொள்வதுபோல, முதலில் முனகிவிட்டுப் பிறகு பாய் விரித்துக் கொடுத்து ஏற்றுக்கொண்டது. மத்தியானச் சோறு உண்டு ஊர் கண்ணயர்கிற நேரத்தில் பைகள் கிளம்பும். அந்நேரம் லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைக்கப் பழகினார்கள், நாய்கள் குரைக்காமல் இருக்கப் பழகின, டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் காலைத் தூக்கி வழிவிடப் பழகினார்கள். வெளியூருக்குக் குடிபோனவர்களின் கவரால் போட்ட பைகள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றன, கண்டக்டர்கள் திட்டிக்கொண்டே அவற்றை ஏற்றிக்கொண்டார்கள். செத்துப்போனவர்களின் கவரால் போட்டவை சுடுகாட்டு மேட்டுக்குப் போய் அவரவர் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டன, எட்டாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் அதில் தேங்காய் பழத்தைப் போட்டு எடுத்துப்போனார்கள். சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியே போய்விட்ட ஒரு புருஷன் பெண்டாட்டியின் கவர்களைக் கலந்து போட்ட மிதியடி, இரண்டு தெருவும் பிரிகிற முக்கில் வந்து நின்றது, எந்தப் பக்கமும் போகாமல் வெயிலில் அப்படியே கிடந்தது, அதைப் பார்க்கச் சகிக்காமல் யாரோ அதன் மேல் ஒரு குடையைக் கட்டிவிட்டார்கள். சம்பந்தம் பேசப் போன பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் குவிந்து கிடக்கிற பைகளைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமல் எழுந்து வந்தார்கள்.

நாள் போகப் போக ஒன்று எல்லோருக்கும் பிடிபட்டது. ஓடையிலும் ரோட்டோரத்திலும் விட்டெறிந்த கவர்தான் திரும்பி வந்தது. கழுவி மடித்து மில்லில் கையில் கொடுத்தவையும், மில் திறக்காத நேரத்தில் மேலே கல்லைப் பாரமாக ஏற்றிப் படியில் வைத்துவிட்டுப் போனவையும் எங்கேயும் போகவில்லை, அவற்றால் போட்ட பைகள் ஆணியிலேயே சாதுவாகத் தொங்கின. உடனே ஊரே கவரைக் கழுவி மடித்துக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டது, ரோசம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. "இத்தன நாளா நாம தொண்டை கிழியக் கத்துனதுக்குக் கேக்காத சனம், ஒரு பை படியேறி வந்ததுக்குக் கேக்குது பாரு" என்று பரிமளா சிரித்தாள். குழுவே சிரித்தது. துளசிமணி மட்டும் சிரிக்கவில்லை.

துளசிமணிக்கு அந்த முதல் மத்தியானத்திலிருந்தே அடிவயிற்றில் ஒரு வெசனம் புகுந்து உட்கார்ந்திருந்தது. அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில், மயில் கழுத்து நிறத்தில் கெட்டியான ஒரு ஜவுளிக்கடைக் கவர் மடித்த மேனிக்கு இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த மறு வருஷம், குப்பைக்கிடங்கில் அந்தக் கவருக்குள்தான் ஒரு பெண் குழந்தை கிடைத்தது. ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்து, காலில் விழுந்து, கையெழுத்துப் போட்டு அதைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டாள். குப்பையில போட்டுட்டுப் போன புள்ளை என்று ஊர் பேசியது, பிறகு அந்தப் புள்ளை எதிரே வந்தால் பேச்சை மாற்றியது, பிறகு பேசுவதையே விட்டது. ஓவியா என்று பெயர் வைத்து, பால் சோறு ஊட்டி, சடை பின்னி, பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, காலேஜில் இடமும் வாங்கியாயிற்று. அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் துளசிமணி நம்பிக்கொண்டிருந்தாள். கவரை எரித்திருக்கலாம். எரிக்கக் கை வரவில்லை, பிள்ளை வந்த துணியை எரிக்கிற மாதிரி இருந்தது. பெட்டிக்குள் மடித்திருக்கிற கவர் நடக்காது, அறுத்துப் போட்டால்தான் நடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தினமும் ஒருமுறை பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

அவசரத்தில் தொட்டுப் பார்க்காமல் போன ஒரு நாள், சாயங்காலம் வீடு திரும்பியபோது ஓவியா வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பையின் காதை முடிந்துகொண்டிருந்தாள். குழுவிலேயே ஓவியாவுக்குத்தான் கை வேகம், பின்னலும் நெருக்கமாக விழும். வெள்ளைப் பை. நடுவில் மட்டும், ஒரு கையகலத்துக்கு, மயில் கழுத்து நீலம்.

துளசிமணி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "இந்த நீலம் ஏது கண்ணு?"

"பொட்டியில இருந்துச்சும்மா. சேலைக்கு அடியில. பழைய கவருதான?"

"மித்ததெல்லாம்?"

"வெள்ளையெல்லாம் மில்லுல கையில குடுத்த கவரு. காலேஜுக்குக் கொண்டுபோறதுக்குப் போட்டேன். நல்லாருக்குதா?"

நல்லாருக்குது என்று சொன்னாள். வேறென்ன சொல்ல முடியும்? திட்டினால் ஏன் என்று கேட்பாள், பிரித்துவிடு என்றாலும் ஏன் என்று கேட்பாள். வெள்ளை எங்கும் போகாது, நீலம் போகும், நீலம் போனால் வெள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும், பிள்ளை அதைத் தன் பை என்று பின்னாலேயே போவாள், போய் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்பாள், கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி வருவாள், இருவர் முகமும் ஒன்றுபோல இருக்கும்.  

மறுநாள் முதல் அவள் மத்தியானம் ஆனால் கிடங்கு வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். பையின் காதில் துணி காயப்போடுகிற கயிற்றைக் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். காத்துக்குப் போயிடும் சாமி, என்று மகளிடம் காரணம் சொன்னாள். வாளிக்கயிறு முடிச்சு, மாட்டு முடிச்சு, தெரிந்த முடிச்சையெல்லாம் போட்டுப் பார்த்து, முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் மற்ற பைகள் சரசரவென்று போகும், அவள் ஜன்னல் கம்பியைப் பார்ப்பாள். பை அசையாது. அசையாததும் அவளைப் பயமுறுத்தியது. கனகராஜ் வீட்டுப் பை போட்ட மறுநாளே கிளம்பியது, பஸ் ஸ்டாப்புக்குப் போனவை இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இது மட்டும் எதற்காகக் காத்திருக்கிறது, அவள் கண்ணசருகிற சமயத்துக்கா?

பரிமளாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளை வந்த நாளில் ஆபீசுக்குக் கூட வந்தவள் அவள்தான். "துளசி, எத்தன நாளைக்கு ஒரு பையக் கட்டிவெச்சுக் காவல் இருப்ப? போனா போகட்டும். யாருன்னு தெரிஞ்சா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்" என்றாள்.

"நான் எதுக்குங்க்கா கேக்கோணும்? அவுங்க போடலைன்னா எனக்கேது புள்ளை?" என்றாள் துளசிமணி. "எனக்கு அவுங்க யாருன்னே தெரியவேண்டாம். அவுங்களுக்கும் இவ யாருன்னு தெரியவேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கு விடுமுறை. காலையிலேயே தலைக்கு ஊற்றிக் கோழிக்கறி சமைத்துப் பிள்ளைக்குப் போட்டுத் தானும் சாப்பிட்டு, முடிச்சின் மேல் கையை வைத்தபடி சுவரில் சாய்ந்தாள், பல நாள் கண் விழித்த உடம்பு, அப்படியே சரிந்துவிட்டது. விழித்தபோது காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் கயிறு இல்லை, பை இல்லை, ஓவியா இல்லை.

துளசிமணி முந்தானையைக்கூடச் சரி செய்யாமல், தலை துவட்டிய துண்டு தோளில் கிடந்தபடியே ஓடினாள். தெரு முழுக்கப் பைகள் மேற்கேயும் தெற்கேயும் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, அவற்றைத் தாண்டித் தாண்டி, வெள்ளையும் நீலமுமாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் பைகள் வரிசையாக நின்றன, அவள் பிள்ளை இல்லை. சுடுகாட்டு மேட்டில் ஏறிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. எதிரே வந்த ஒருத்தியின் முகத்தையும் அடுத்தவளின் முகத்தையும், மூக்கு இப்படியா, நெற்றி இப்படியா என்று பார்த்தாள், இத்தனை வருஷம் பழகிய முகங்களெல்லாம் ஓவியாவின் முகமாகத் தெரிந்தன. தாங்க முடியாமல் அவள் நடுரோட்டில் நின்று அழுதேவிட்டாள். டீக்கடைக்காரர் காலைத் தூக்கி ஒரு பைக்கு வழிவிட்டபடியே சொன்னார்: "ஓவியாவையா தேடறீங்? இப்பத்தான் கிடங்குப் பக்கமா போச்சுங்."

கிடங்கின் ஓரத்தில் ஒரே ஒரு புங்கமரம் உண்டு. ஓவியா அதன் அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிறு சுருட்டி மடியில் இருந்தது. பை அவள் எதிரில் வெறுந்தரையில் நின்றது. சுற்றிலும் காற்று குப்பையை வாரிக்கொண்டு போனது, பையின் காதுகூட ஆடவில்லை.

"இங்க என்ன கண்ணு பண்ற?" என்றாள் துளசிமணி, மூச்சு வாங்க.

"அவுத்து உட்டேம்மா. ஊட்டுல நீ கையை வெச்சுட்டே இருந்தா அதெப்படிப் போவும்? அதான் வந்த எடத்துலயே கொண்டாந்து உட்டேன்."

துளசிமணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாலாவது படிக்கறப்பவே தெரியும்மா. பேக்கரிக்காரரு பையன் சொன்னான். உன்கிட்ட கேட்டா நீ அழுவேன்னு கேக்கல." ஓவியா பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொட்டியில இருந்தது என்ன கவருன்னு தெரிஞ்சுதான் அறுத்தேன். காலேஜுக்குப் போறதுக்குள்ள ஒருக்கா அந்த ஊட்டப் பாத்துடலாம்னு இருந்துச்சு. உள்ள போகமாட்டேன், சும்மா வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துடுவேன். ஆனா போகமாட்டேங்குதும்மா. போ போன்னு சொல்லிட்டேன். செத்திருந்தா சுடுகாட்டுக்குப் போவோணும். வெளியூருன்னா பஸ் ஸ்டாப்புக்குப் போவோணும். இது எங்கயுமே போகல. என்னைப் போட்டவங்களுக்கு ஒரு ஊடுகூடவா இல்ல?"

அவள் உதடு கோணியது. சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போகிறபோது அழாமல் இருக்கப் பார்ப்பாளே, அதே கோணல். துளசிமணி அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் எப்பிடிம்மா கெடந்தேன்? அதையாச்சும் சொல்லு."

"எப்பிடிக் கெடந்தே? இதா, இந்த மரத்தடியிலதான். நான் துண்டை விரிச்சு, அதுமேல சோத்துத் தூக்குப்போசியை வெச்சுட்டு, அந்தக் கோடியில வேலை செஞ்சுட்டிருந்தேன். தினமும் அங்கதான் வெப்பேன், நெழலு பாத்து. சோறு உண்ணலாம்னு வந்தா, போசி வெய்யில்ல இருக்குது. எவன்டா எம்பட போசியை எடுத்து வெய்யில்ல வெச்சவன்னு ஒரு பாட்டம் வைஞ்சேன். அப்பறந்தான் பாத்தேன், போசி இருந்த எடத்துல, துண்டு மேல, நெழல்ல நீ. கவரோட வாயை மடிச்சு மடிச்சு கீழ எறக்கி உட்டிருந்துச்சு, உனக்கு மூச்சு முட்டாம. கண்ணை நல்லாத் தொறந்து என்னையப் பாத்த. சோறு அன்னைக்குப் புளிச்சே போச்சு, போ."

இத்தனை வருஷமும் அவள் நினைவில் அந்த நாள் என்றால் புளித்துப்போன சோறும் வெயிலில் சுட்ட போசியும்தான் முதலில் வரும். கிடங்கு ஆட்களில் எவனோ விளையாடிவிட்டான் என்றே வைத்திருந்தாள். இன்றைக்குத்தான் அதை வாய்விட்டு ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

ஓவியா தோளிலிருந்து தலையை எடுத்தாள். மரத்தைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், அசையாமல் நிற்கிற பையைப் பார்த்தாள்.

"அப்ப யாரும் என்னையப் போடல" என்றாள் மெதுவாக. "வெச்சுட்டுப் போயிருக்காங்க. உன்ற துண்டு மேல. நீ வருவேன்னு தெரிஞ்சு."

பிறகு அவள் சிரித்தாள், சிரிப்பும் அழுகையுமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு, பையை வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, மில்லுல படியில வெச்சுட்டுப் போற கவர் மாதிரி, அதான் போகல, அதான் போகல என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் முகம் அப்படித் தெளிந்து துளசிமணி என்றைக்கும் பார்த்ததில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதே சமயம், இத்தனை நாள் அடிவயிற்றில் உட்கார்ந்திருந்த வெசனம் எழுந்து போகாமல், இன்னும் வசதியாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டதையும் அவள் உணர்ந்தாள்.

"போட்டதைத் தேடிக்கிட்டு யாரும் வரமாட்டாங்க கண்ணு" என்றாள். மறைக்க முடியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். "வெச்சதை எடுக்க வருவாங்கல்ல?"

 ஓவியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். அம்மாவின் தோளிலிருந்த துண்டை உருவி உதறி, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கே விரித்து, அதன் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்தா வந்து பாக்கட்டும்மா. வெச்ச எடத்துலதான இருக்கறேன்."

துளசிமணி அவளை ஒட்டி உட்கார்ந்தாள், கிடங்குக்கு வருகிற பாதையைப் பார்த்தபடி.